யாரைப் பின்தொடர்வது?

சீர்காழிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் எழுத வருகிறீர்கள். சந்தோஷம். கணக்குத் தொடங்கிய கையோடு, ‘இவர்களைப் பின்தொடரலாமே’ என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். அதை எப்படிக் கையாள்வது என்று சில வார்த்தைகள்.

1. அந்தப் பட்டியலை யாரும் உட்கார்ந்து உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் நண்பருக்கு யார் நண்பர், உங்களைப் போன்றவர்கள் யாரைத் தொடர்கிறார்கள் என்று மென்பொருள் போடும் கணக்கு அது. ஒருவர் எழுதுவது உண்மையா, உருப்படியா என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

2. கூட்டம் இருக்கும் இடத்துக்கே அது கூட்டம் சேர்க்கும். அன்று ட்விட்டர் என்றிருந்த எக்ஸ் 2010இல் இந்தப் பரிந்துரை வசதியைக் கொண்டுவந்தது. அதன் விளைவைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், எல்லோருக்கும் ஏதோ ஆதாயம் கிடைத்தாலும் ஏற்கெனவே பிரபலமானவர்களுக்கே மிக அதிகம் கிடைத்தது என்று கண்டார்கள். தலைமடை நிரம்பிய பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் என்பது நமக்குப் புதிதா? புதிதாக எழுத வரும் நீங்கள் கடைமடைக்காரர்கள். பட்டியல் உங்களைத் தூக்கிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

3. உள்ளூர்க்காரரை நீங்களே தேடிப் பிடியுங்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சம்பாப் பயிர் மூழ்கியது. அப்படிப்பட்ட நாளில் எந்த வாய்க்கால் உடைந்தது, எந்த ரோட்டில் பஸ் போகாது என்று சொல்லக்கூடியவர் திருவெண்காட்டிலோ திருமுல்லைவாசலிலோ இருப்பார். அவரைத் தொடர்பவர்கள் நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே அவரைக் கண்டுபிடித்து வையுங்கள்.

4. காட்டுவதையெல்லாம் தொட்டுக்கொண்டே போகாதீர்கள். 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ஆய்வாளர் ஒருவர் இந்தியப் பயனர்போல ஒரு சோதனைக் கணக்குத் தொடங்கி, ஃபேஸ்புக் பரிந்துரைத்ததை மட்டுமே பின்பற்றினார். மூன்றே வாரத்தில் வெறுப்புப் பேச்சும் பொய்ச்செய்தியும் வன்முறைப் படங்களும் அந்தக் கணக்கில் குவிந்தன. 2021இல் வெளியே வந்த அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களில் இது இருக்கிறது. சொந்த விருப்பு வெறுப்பே இல்லாத கணக்குக்கு அந்தக் கதி.

5. இந்தப் பட்டியல் போட, போனில் உள்ள நம்பர்களை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். 2010இல் கூகுளின் ‘பஸ்’ (Buzz) என்ற சமூக வலைச் சேவை வந்தபோது, ஜிமெயிலில் ஒருவர் அடிக்கடி யாருக்குக் கடிதம் எழுதுகிறாரோ அவர்களை அதுவே பின்தொடர வைத்தது. யாரோடு யார் தொடர்பு என்பது ஊரறிய வெளிப்பட்டது. அமெரிக்க அரசு தலையிட்டு, 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமைத் தணிக்கை நடத்த வேண்டும் என்று 2011இல் கூகுளை ஒப்புக்கொள்ள வைத்தது. டாக்டர், வக்கீல், கடன் கொடுத்தவர் எல்லோருடைய நம்பரும் உங்கள் போனில் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

6. ஒருவரைத் தொடரும் முன் அவருடைய பழைய பதிவுகளில் பத்தையாவது படியுங்கள். அவர் யாரை மதித்து மேற்கோள் காட்டுகிறார் என்று பாருங்கள். அந்த வழியாக அடுத்த ஆளுக்குப் போங்கள். உங்களோடு கருத்தில் மோதுகிறவர், ஆனால் மரியாதையாக எழுதுகிறவர், இரண்டு பேராவது இருக்கட்டும்.

7. நல்ல எழுத்தைக் கண்டால் நீங்களே பரிந்துரை செய்யுங்கள். தமிழில் வலைப்பூக்கள் செழித்திருந்த காலத்தில் ‘வலைச்சரம்’ என்று ஒன்று நடந்தது. வாரம் ஒரு பதிவர் ஆசிரியராக இருந்து, தான் படித்த மற்றவர்களை அறிமுகப்படுத்துவார். அறிமுகம் செய்தவர் பெயர் தெரியும். ரசனை பிடிக்காவிட்டால் அவரையே கேட்கலாம். வாரத்துக்கு ஒருவரை, ஏன் படிக்க வேண்டும் என்ற காரணத்தோடு, நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். உங்களையும் ஒருவர் அப்படிச் சொல்லும்படி எழுதுங்கள்.