லாரி எஞ்சினின் பிளைவீல்: கனமா, இலேசா?

குயவர் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். குயவர் ஒரு கோலைச் சக்கரத்தின் குழியில் வைத்து, சில சுற்று வேகமாகச் சுற்றுவார். பிறகு கோலைக் கீழே வைத்துவிடுவார். சக்கரம் உடனே நிற்காது. அவர் களிமண்ணைப் பிடித்துப் பானை வனையும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் கனமாக இருப்பதால்தான் இது முடிகிறது. கோல் கொடுத்த சக்தியைச் சக்கரம் வாங்கி வைத்துக்கொண்டது. கை மண்ணை அழுத்தும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது.

லாரியின் டீசல் எஞ்சினிலும் இப்படி ஒரு சக்கரம் உண்டு. அதற்குப் பிளைவீல் என்று பெயர். பெரும்பாலும் வார்ப்பிரும்பில் செய்த கனமான வட்டு அது. எஞ்சினின் பின்பக்கத்தில், கிராங்க் ஷாப்டின் முனையில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதன் ஓரத்தைச் சுற்றிப் பல் வளையம் இருக்கும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தப் பற்களில் மாட்டி எஞ்சினைச் சுற்றிவிடும். சக்கரத்தின் வழுவழுப்பான முகத்தில் கிளட்ச் பிளேட் வந்து ஒட்டும்.

இந்தச் சக்கரம் கனமாக இருப்பது நல்லதா, இலேசாக இருப்பது நல்லதா? லாரிக்காரர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். பதில் சொல்வதற்கு முன், சக்கரம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு வரவு, மூன்று செலவு

எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு வேலை செய்கிறது. காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றை அழுத்துகிறது. டீசல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. கடைசியில் புகையை வெளியே விடுகிறது. இந்த நான்கும் முடிய கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும்.

நான்கில் ஒன்றுதான் வரவு. மற்ற மூன்றும் செலவு. அதிலும் காற்றை அழுத்துவது பெரிய செலவு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை மிகவும் நெருக்கி அழுத்தினால் சூடு பிறக்கும். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஏறக்குறைய 17 லிட்டர் காற்றை ஒரு லிட்டர் இடத்தில் திணிப்பது போன்ற வேலை இது. பெட்ரோல் எஞ்சினில் ஏறக்குறைய இதில் பாதி நெருக்கினால் போதும். அதனால்தான் டீசல் எஞ்சினுக்குப் பொதுவாகக் கனமான பிளைவீல் வைக்கிறார்கள்.

சந்தை நாளில் வரும் பணத்தை எடுத்துவைத்து வாரம் முழுதும் செலவு செய்கிறோம் அல்லவா? பிளைவீலும் அப்படித்தான். பிஸ்டன் தள்ளும்போது சக்தியை வாங்கிவைக்கிறது. மற்ற நேரங்களில் அதைக் கொடுத்து எஞ்சினை நிற்காமல் ஓட வைக்கிறது.

கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கும் பழைய டீசல் எஞ்சினை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஒரே சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு தள்ளுதான். ஆகவே எஞ்சின் சிறியதாக இருந்தாலும் சக்கரம் பெரியதாக இருக்கும். அதைக் கையால் ஸ்டார்ட் செய்பவர் முதலில் ஒரு சிறிய நெம்புகோலைத் தூக்குவார். சிலிண்டரில் காற்று அடைபடாமல் வெளியே போகும். அப்போது கைப்பிடியைச் சுற்றிச் சக்கரத்துக்கு வேகம் ஏற்றுவார். வேகம் ஏறியதும் நெம்புகோலை விட்டுவிடுவார். உடனே எஞ்சின் பற்றிக்கொள்ளும். அந்த முதல் அழுத்தத்தைக் கொடுத்தது அவருடைய கை அல்ல. வேகம் ஏறிய சக்கரம்தான்.

லாரியில் நான்கு சிலிண்டர் இருந்தால் அரைச் சுற்றுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். ஆறு சிலிண்டர் இருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று தள்ளு. தள்ளு அடிக்கடி வந்தால், எஞ்சின் ஒரே சீராக ஓடுவதற்குச் சக்கரத்தின் உதவி குறைவாகப் போதும். ஆனால் லாரிக்கு இன்னொரு தேவை இருக்கிறது. பாரத்தோடு வண்டியைக் கிளப்ப வேண்டும்.

சக்கரத்தில் எவ்வளவு சக்தி?

ஒரு கணக்குப் போடுவோம். பிளைவீலின் எடை 40 கிலோ, குறுக்களவு 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லாரி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடுகிறது. நிமிடத்துக்கு 600 சுற்று. அப்போது சக்கரத்தில் உள்ள சக்தி, 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றை ஏறக்குறைய 3 மீட்டர் உயரம் தூக்கும்.

வேகத்தை 1,200 சுற்றாக ஏற்றுங்கள். இப்போது அதே மூட்டையை ஏறக்குறைய 13 மீட்டர் தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகிறது. 2,000 சுற்றில் 35 மீட்டர். அது பத்து மாடி உயரத்துக்கு மேல்.

மும்பைக்கும் புனேவுக்கும் இடையே கண்டாலா மலைச்சாலை இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரி அங்கே ஏற்றத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போன வண்டி நகர்கிறது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை 1,200 சுற்றுக்குக் கொண்டுவருகிறார். கிளட்ச்சை மெதுவாக விடுகிறார். பாரம் எஞ்சினைப் பிடித்து இழுக்கிறது. வேகம் 600 சுற்றாக இறங்குகிறது. அந்த நேரத்தில் மூட்டையை 10 மீட்டர் தூக்கும் அளவு சக்தி சக்கரத்திலிருந்து வந்து வண்டியைத் தள்ளுகிறது. எஞ்சின் மூச்சு வாங்கும் நேரத்தில் கிடைக்கும் உதவி இது.

சக்கரத்தின் எடையைப் பாதியாகக் குறைத்தால் இந்த உதவியும் பாதியாகும். எஞ்சின் அணைந்துவிடலாம். வண்டி பின்னால் உருளலாம். பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் கிளீனர் அங்கேதான் நிற்பார். இதற்குப் பயந்து ஓட்டுநர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி, கிளட்ச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புவார். கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகும்.

இலேசான சக்கரத்துக்கு என்ன பெருமை?

இலேசான சக்கரத்திலும் நன்மை உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்கும். காலை எடுத்தால் சட்டென்று இறங்கும். கியர் மாற்றும்போது எஞ்சின் வேகம் இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பந்தயக் கார்களில் இலேசான சக்கரம் போடுவது இதற்காகத்தான். 2014இல் டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் லாரிகளுக்கே பந்தயம் நடந்தது. ஆனால் பந்தய லாரியின் பின்னால் சிமெண்டு மூட்டைகள் இல்லை.

நம் லாரிக்கு இது உதவுமா? ஒரு லேத் பட்டறையில் நடக்கக்கூடிய பேச்சு இது. வந்தவருக்குச் சொந்தமாக ஒரே லாரி. அதுவும் கடனில் வாங்கியது.

“அண்ணே, பிளைவீலைக் கடைஞ்சு பத்து கிலோ குறைச்சுட்டா வண்டி நல்லா இழுக்குமாம். டீசலும் மிச்சமாகுமாம். செஞ்சு தர்றீங்களா?”

“யார் சொன்னது தம்பி?”

“எங்க லைன்ல ஓடுற ஒருத்தர் செஞ்சிருக்கார். மிதிச்சா சும்மா உறுமுது.”

“காலி வண்டியா, பாரத்தோடயா?”

“காலி வண்டிதான்.”

“அங்கதான் உறுமும். பாரத்தை ஏத்திட்டு அவரை மேட்டுல எடுக்கச் சொல்லு. அப்புறம் வந்து என்கிட்ட பேசு.”

மிஸ்திரி சொன்னது சரிதான். 16 டன் எடையுள்ள லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஓட்டத்தில் உள்ள சக்தி, அப்போது பிளைவீலில் உள்ள சக்தியைப் போல நூறு மடங்குக்கு மேல். அவ்வளவு பெரிய கணக்கில் பத்து கிலோ இரும்பைக் குறைத்து என்ன கிடைக்கும்? முதல் கியரில், காலி வண்டியில் வித்தியாசம் தெரியும். டாப் கியரில் தெரியாது.

டீசல் மிச்சம் என்பதும் அப்படித்தான். ஒரே வேகத்தில் ஓடும்போது கனமான சக்கரத்துக்கென்று தனியாக டீசல் செலவாவதில்லை. வேகம் ஏற்றும்போது வாங்கிய சக்தியைச் சக்கரம் தின்றுவிடுவதும் இல்லை. வைத்திருந்து கொடுக்கிறது. டீசல் மிச்சமாக வேண்டுமானால் டயரில் காற்றைப் பாருங்கள். ஏர் பில்டரைப் பாருங்கள்.

கடைந்தால் வரும் ஆபத்து

கிளட்ச் வழுக்கும்போது பெரும் சூடு உண்டாகும். அந்தச் சூட்டின் பெரும் பகுதியை வாங்கிக்கொள்வது பிளைவீலும் பிரஷர் பிளேட்டும்தான். தடித்த இரும்பு மெதுவாகச் சூடேறும். மெலிந்த இரும்பு சீக்கிரம் சூடேறும். அதன் முகத்தில் நீல நிறப் புள்ளிகள் தோன்றும். தலைமுடி போன்ற விரிசல்கள் வரும்.

விரிசலை இலேசாக நினைக்காதீர்கள். நாம் கணக்குப் போட்ட சக்கரம் 2,500 சுற்றில் ஓடும்போது அதன் ஓரம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரும்பை வெளியே பிய்த்து இழுக்கும் விசை அதில் எப்போதும் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். இறக்கத்தில் தவறிச் சிறிய கியர் விழுந்துவிட்டால், வண்டியின் சக்கரங்களே எஞ்சினைச் சுற்றத் தொடங்கும். அப்போது காலை எடுத்தாலும் எஞ்சின் வேகம் குறையாது. கடைந்து மெலிந்த, விரிசல் கண்ட வார்ப்பிரும்புச் சக்கரம் அந்த நேரத்தில் வெடித்துச் சிதறலாம். அதை மூடியிருக்கும் கூடு ஓட்டுநரின் காலுக்கு அருகிலேயே இருக்கிறது.

அப்படியானால் கனத்தைக் கூட்டலாமா? அதுவும் வேண்டாம். கிராங்க் ஷாப்டின் முனையில் கூடுதல் எடை தொங்கினால் கடைசி பேரிங்குக்குப் பாரம் கூடும். கிராங்க் ஷாப்டின் அதிர்வும் மாறிவிடும். கியர் மாற்றும்போது எஞ்சின் வேகம் இறங்க நேரமாகும். ஏற்றத்தில் அதற்குள் வண்டி வேகத்தை இழந்துவிடும். இந்தச் சுமை, இந்த கியர், இந்த கிளட்ச் என்று பார்த்துத்தான் தயாரிப்பாளர் ஓர் எடையை முடிவு செய்கிறார். பாரம் சுமக்கும் லாரிக்கு அந்த எடையே சரி.

பழைய சக்கரம் வாங்கும்போது

டில்லி மாயாபுரி போன்ற இடங்களில் பழைய உதிரிபாகங்கள் மலைபோலக் குவிந்திருக்கும். பிளைவீலும் கிடைக்கும். ஒரே வகை எஞ்சின் லாரியிலும் இருக்கும், பஸ்ஸிலும் இருக்கும், மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டரிலும் இருக்கும். போல்ட் துளைகள் பொருந்தினாலும் சக்கரம் வேறாக இருக்கலாம். ஜெனரேட்டரில் வேகம் துளியும் ஆடக்கூடாது. ஆடினால் விளக்கு மினுக்கும். ஆகவே அதன் சக்கரம் கனமாக இருக்கலாம். கிளட்ச் ஒட்டும் முகம் இல்லாமலும் இருக்கலாம்.

வார்ப்பிலேயே எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். உங்கள் பழைய சக்கரத்தின் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பல் வளையத்தின் பற்களை எண்ணுங்கள். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் ஸ்டார்ட்டர் சரியாக மாட்டாது. முடிந்தால் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

புதிய லாரிகளில் இன்னொரு சிக்கல். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுதும் பி.எஸ்.6 புகை விதி வந்தது. இந்த எஞ்சின்களுக்கு எப்போது டீசல் பீய்ச்ச வேண்டும் என்று ஒரு கணினி முடிவு செய்கிறது. பல எஞ்சின்களில் பிளைவீலில் உள்ள துளைகளைப் பார்த்துத்தான் அது சுற்றை அறிகிறது. துளைகள் மாறிய சக்கரத்தைப் போட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். சில வண்டிகளில் இரண்டு துண்டாக, நடுவே ஸ்பிரிங் வைத்த பிளைவீல் வருகிறது. அதை லேத்தில் ஏற்றவே கூடாது.

முகம் எடுப்பது வேறு

கிளட்ச் மாற்றும்போது சக்கரத்தின் முகத்தில் கோடும் கருகலும் தெரிந்தால், லேத்தில் மெல்லிதாக முகம் எடுப்பார்கள். எடை குறைப்பது வேறு, இது வேறு. இதைச் செய்யலாம். எவ்வளவு மில்லிமீட்டர் வரை எடுக்கலாம் என்று எஞ்சினின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினாலோ, ஆழமான விரிசல் இருந்தாலோ புதிய சக்கரம்தான்.

சில பிளைவீல்களில் கிளட்ச் பிளேட் ஒரு பள்ளத்துக்குள் உட்காரும். பிரஷர் பிளேட்டை மேட்டு விளிம்பில் முடுக்குவார்கள். பள்ளத்தை மட்டும் கடைந்தால் கிளட்ச் பிளேட் உள்ளே தள்ளிப் போய்விடும். பிரஷர் பிளேட்டின் பிடி குறைந்து கிளட்ச் வழுக்கும். எவ்வளவு பள்ளத்தில் எடுக்கிறார்களோ, அவ்வளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். சக்கரத்தின் எண், கடைவதற்கு முன் தடிமன், கடைந்த பின் தடிமன், தேதி, இந்த நான்கையும் எழுதி வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். அடுத்த முறை கிளட்ச் இறக்கும் மிஸ்திரி முதலில் கேட்பது இந்த எண்களைத்தான்.