இருதய வரைபடமும் இருதயத் தளர்ச்சியும்

இருதயத் தளர்ச்சி என்பது இருதயம் நின்றுபோதலன்று. உடலுக்கு வேண்டுமளவு இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றல் அதற்குக் குன்றுதலேயாம். மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் அதன் குறிகள். அவை நுரையீரல், சிறுநீரக நோய்களிலும் தோன்றுதலின் மருத்துவர் வேறு சான்றும் நாடுவர். அவற்றுள் ஒன்றாகிய மின்வரைபடத்தை ஈண்டு நாம் ஆராய்வோம்.

ஹாலந்து தேசத்து லைடன் நகரப் பேராசிரியர் ஐந்தோவன் என்பார், இருதயத்தில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தைச் செவ்வனே பதியும் கருவியை அமைத்து, 1924-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

முன்னர் நேர்ந்த மாரடைப்பின் தழும்பு, இடக் கீழறைத் தசையின் தடிப்பு, மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு முதலிய, தளர்ச்சிக்கு ஏதுவாவன பல வரைபடத்திற் புலப்படும். கீழறைகளுக்குரிய அலை 0.12 வினாடிக்கு மேல் நீடிப்பின், அங்கு மின்செலவு தாமதமுறுதலை அறிகின்றோம்.

எனினும், கோடுகள் பிறழ்ந்தமை மட்டுங்கொண்டு தளர்ச்சி உண்டெனத் துணிதல் ஆகாது. பிறழ்வு சிறிதுமின்றேல் தளர்ச்சி இருத்தல் அரிது என்னலாம். அறவே இல்லையெனல் ஒண்ணாது. ஆதலின் இரத்தச் சோதனையும், இருதயத்தின் இயக்கத்தைக் காட்டும் ஒலியலைச் சோதனையும் உடன் வேண்டப்படும். இரவில் படுக்கவியலாது எழுந்தமர்ந்து மூச்சுவாங்கும் நோயாளியின் சொல்லைக் கேளாது, தாளிலுள்ள கோட்டை மட்டும் நோக்கி அவரை வீட்டிற்கு அனுப்புதல் பெருந்தீங்காய் முடியும்.