தம்பி சீனாவுக்குப் படிக்கப் போறானா? மெடிக்கல், விசா செலவை இப்பவே கணக்குல சேருங்க

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம்தான் ஆயிருக்கும். அதுக்குள்ள வீட்டுல தம்பியோ தங்கச்சியோ சீனாவுல எம்பிபிஎஸ் படிக்கக் கிளம்புவாங்க, பாதிச் செலவு நம்ம சம்பளத்துல. ஃபீஸ், ஹாஸ்டல், டிக்கெட் மூணையும் எக்ஸெல்ல போட்டுட்டு நிம்மதியா இருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்க சித்தி பையன் ஊர்லயே மெடிக்கல் எடுத்துட்டுப் போனான். ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் சரி. டாக்டர் கையெழுத்து, ஆஸ்பத்திரி சீல் ரெண்டும் ஃபார்ம்ல இருந்துச்சு. ஆனா ஒட்டின போட்டோ மேல சீல் விழல. அங்க போனதும் செல்லாதுன்னுட்டாங்க, முழுசா மறுபடியும் எடுக்க வேண்டியதாப் போச்சு. போன முதல் வாரம், பேங்க் அக்கவுன்ட்கூட திறக்கல. ராத்திரி 11 மணிக்கு "அண்ணா, கையில காசு பத்தல"ன்னு போன்.

வெளிநாட்டவர் உடல் பரிசோதனைப் படிவத்துலயே இது தெளிவா இருக்கு: போட்டோ மேல சீல் இல்லேன்னாலும், ஒரு கட்டம் காலியா இருந்தாலும் செல்லாது. ரிசல்ட் 6 மாசம்தான் செல்லும். செப்டம்பர்ல காலேஜ்னா, ஜனவரியிலயே அவசரமா எடுத்து வெச்சா வீண். படிவம், ரத்த ரிப்போர்ட், எக்ஸ்ரே ஒரிஜினல் எல்லாம் ஹேண்ட் லக்கேஜ்ல போகணும். பெட்டி தொலைஞ்சா மெடிக்கலும் தொலையும்.

விசாவுக்கு வருவோம். 180 நாளுக்குள்ள முடியற கோர்ஸுக்கு எக்ஸ்2, அதுக்கு மேலன்னா எக்ஸ்1. எம்பிபிஎஸ்னா எக்ஸ்1தான். இதுக்கு அட்மிஷன் லெட்டரோட ஜேடபிள்யூ202 படிவமும் வேணும், அதை யுனிவர்சிட்டிதான் அனுப்பும். எக்ஸ்1 விசாவுல தங்கும் நாள்ங்கற இடத்துல 000ன்னு இருக்கும். பார்த்துட்டுப் பதறாதீங்க. உள்ள போன 30 நாளுக்குள்ள உள்ளூர் போலீஸோட குடிவரவு அலுவலகத்துல வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கணும்னு அர்த்தம். ஒரு வருஷத்துக்கு மேல அனுமதி கேட்டா ஹெல்த் சர்டிபிகேட் கட்டாயம். மெடிக்கல்ல ஒரு சீல் விட்டுப்போனா இந்த 30 நாள்ல ஒரு வாரம் காணாமப் போறது இப்படித்தான்.

விண்ணப்பிச்சதும் பாஸ்போர்ட் அவங்ககிட்ட, நம்ம கையில ரசீது. முடிவு சொல்ல 15 நாள் வரை ஆகலாம். எக்ஸ்1 பொதுவா ஒரே தடவை உள்ள நுழையற விசா. அதனால முதல் ஒன்றரை மாசத்துல வீட்டு விசேஷம்னு ரிட்டர்ன் டிக்கெட் போட்டு வைக்காதீங்க.

இப்போ கணக்கு. யுவானுக்கு 12, 13 ரூபாய்னு தோராயமா வெச்சுக்கலாம். ஒன்றிலிருந்து மூணு வருஷ வசிப்பு அனுமதிக்கு 800 யுவான். மாணவர் இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 800. ரெண்டும் சேர்ந்தே சுமார் 20,000 ரூபாய். மெடிக்கல் மறுபடி எடுத்தா இன்னும் சில நூறு யுவான். கெடு தாண்டிட்டா? சட்டவிரோதமா தங்கினதா ஒரு நாளைக்கு 500 யுவான் அபராதம், அதிகபட்சம் 10,000. அதாவது ஒன்றேகால் லட்சம் ரூபாய்! காவலில் வைக்கவும் சட்டத்துல இடமிருக்கு. ஹாஸ்டல்ல இல்லாம வெளில வீடு எடுத்தா, 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல பதிவு பண்ணணும். விட்டா அதுக்கும் 2,000 யுவான் வரை.

நான் இப்போ எல்லார்கிட்டயும் சொல்றது, ஃபீஸ் பணத்தைத் தொடாம தனியா 4,000 யுவான் அளவுக்கு ஃபாரெக்ஸ் கார்டுலயும் ரொக்கமாவும் கொடுத்து அனுப்புங்க. அலிபேல வெளிநாட்டு கார்டை இணைக்கலாம், ஊர்ல இருக்கும்போதே அதை முயற்சி பண்ணிப் பாருங்க.

ஒண்ணு விட்டுட்டேன். தம்பி, தங்கச்சி படிப்புக்கு நீங்க உங்க பேர்ல கடன் வாங்கினா அந்த வட்டிக்கு வரிச்சலுகை கிடைக்காது. தனக்கு, மனைவி அல்லது கணவருக்கு, பிள்ளைகளுக்கு, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கற மாணவருக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில. அப்பா பேர்ல இல்லேன்னா தம்பி பேர்லயே கடன் வாங்க முடியுமான்னு பேங்க்ல முதல்ல கேட்டுட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.