கதைக்குள் ஒரு கடை



வானொலியிலோ தொலைக்காட்சியிலோ விளம்பரம் வரும்போது அது விளம்பரம் என்று நமக்குத் தெரியும். தெரிந்தபடியால் ஒன்றில் எழுந்து அடுப்படிக்குப் போகிறோம். அல்லது, “விற்க வந்தவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான்” என்று மனதுக்குள் கழித்துக்கொண்டு கேட்கிறோம். ஆனால் கதாநாயகன் தாகத்துக்கு எடுத்துக் குடிக்கும் போத்தலில் ஒரு கொம்பனியின் பெயர் தெரிந்தால் நாம் எழுந்து போவதுமில்லை, கழித்துப் பார்ப்பதுமில்லை. அங்கே நமக்குத் தெரிவது கதை மட்டுமே. அந்தப் போத்தல் அந்த இடத்தில் நிற்பதற்கு யாராவது பணமோ பண்டமோ கொடுத்திருந்தால், அதுவே இன்று நாம் பாடமாக எடுத்துக்கொள்ளும் விடயம். கதைக்குள் பொருளைப் புகுத்தி விற்கும் இந்த முறை உண்மையிலேயே பலன் தருகிறதா? தருமாயின், யாரிடத்தில், எப்படி? நம் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

1. இது புதிய வித்தை அல்ல

சினிமாவுக்கு எத்தனை வயதோ, ஏறக்குறைய அத்தனை வயது இந்த வழக்கத்துக்கும் உண்டு. பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் மக்களுக்குப் படம் காட்டத் தொடங்கியது 1895இல். அடுத்த ஆண்டே, 1896இல், சுவிற்சர்லாந்தில் லவான்ஷி கிளார்க் என்பவர் பெண்கள் துணி துவைப்பதை ஒரு சிறு படமாக எடுத்தார். அதில் துவைக்கும் பெண்களுக்கு முன்னால் ‘சன்லைட்’ சவர்க்காரப் பெட்டிகள் பெயர் தெரியும்படி அடுக்கப்பட்டிருந்தன. படம் எடுத்தவர் லூமியேரின் கருவிக்கு மட்டுமல்ல, அந்தச் சவர்க்காரக் கொம்பனிக்கும் முகவராக இருந்தவர்! நம் ஊர்க் கிணற்றடிகளிலும் தலைமுறைகளாய்க் காணப்பட்ட அதே சவர்க்காரந்தான்.

பின்னர் அமெரிக்க வானொலியில் 1933ஆம் ஆண்டு ‘மா பேர்க்கின்ஸ்’ என்ற தொடர்நாடகம் வந்தது. வீட்டு வேலை செய்துகொண்டே கேட்கும் பெண்களுக்காக, ‘ஒக்சிடோல்’ என்னும் சலவைத்தூளை விற்கும் கொம்பனியின் செலவில் ஒலிபரப்பான தொடர் அது. இப்படிப்பட்ட தொடர்களுக்கு ஆங்கிலத்தில் ‘சோப் ஒப்பரா’ என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணமும் இந்தச் சவர்க்காரக்காரரின் பணமே.

2. ஓர் இனிப்பின் கதை

பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி 1982இல் நடந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய ‘ஈ.ரி.’ என்ற படத்தில், வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து தனித்துப்போன ஓர் உயிரை ஒரு சிறுவன் இனிப்புகளைத் தூவித்தூவித் தன்னிடம் அழைத்துக்கொள்கிறான். இந்தக் காட்சிக்கு முதலில் ‘எம் அன்ட் எம்’ இனிப்பே கேட்கப்பட்டது. அதைச் செய்யும் ‘மார்ஸ்’ கொம்பனி மறுத்துவிட்டது. அந்த இடத்துக்கு ‘ஹேர்ஷி’ கொம்பனியின் ‘ரீசஸ் பீசஸ்’ வந்தது. படத்தில் இடம் பெறுவதற்கென்று அக்கொம்பனி பணம் கொடுக்கவில்லை. பதிலாக, படத்தோடு சேர்த்துத் தன் இனிப்பை விளம்பரப்படுத்துவதற்கு 10 இலட்சம் டொலர் வரை செலவிட உடன்பட்டது. படம் வெளிவந்த பின் அந்த இனிப்பின் விற்பனை 65 வீதம் உயர்ந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். விற்பனை ஏறியதற்குக் காரணம் அந்தக் காட்சியா, வெளியே செய்த விளம்பரமா, படம் பெற்ற பெரும் வெற்றியா? மூன்றும் ஒன்றாய்க் கலந்த இடத்தில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து ‘இதுதான் காரணம்’ என்று சொல்ல முடியாது. வெற்றி பெற்ற கதைகளே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன என்பதையும் மறக்கக்கூடாது. படத்தில் வந்தும் ஒருவரும் கவனியாமற்போன பொருள்களைப் பற்றி எந்தக் கொம்பனியும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆகவே விற்பனைக் கதைகளை விட்டு, ஆராய்ச்சிகள் சொல்வதைப் பார்ப்போம்.

3. மறந்தாலும் மனதில் நிற்பது

ஒரு பொருளையோ உருவத்தையோ அடிக்கடி காண்பதே அதன்மேல் ஒரு விருப்பத்தை உண்டாக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் றொபேட் சயன்ஸ் 1968இல் சோதனைகளால் எடுத்துக்காட்டினார். அதைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதில்லை, கண்ணில் படுவதே போதும். முன்பின் அறியாத ஊரில் தெரிந்த முகத்தைக் கண்டால் மனம் ஆறுதலடைகிறதல்லவா? கடைத் தட்டில் பத்துப் பொருள்கள் இருக்கையில் எங்கோ கண்ட பெயரை நோக்கிக் கை போவதும் அதுபோன்றதே.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் காட்சிகளைக் காட்டிவிட்டு, எந்தப் பொருள்கள் நினைவிருக்கின்றன என்றும், எவற்றைத் தெரிவு செய்வீர்கள் என்றும் கேட்டார்கள். பெயர் சொல்லப்படாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்துபோன பொருள்களே மிகக் குறைவாக நினைவில் நின்றன. ஆனால் தெரிவு செய்யும் நேரத்தில் அவையே கூடுதலாகச் செல்வாக்குக் காட்டின!

2002இல் வெளியான வேறோர் ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. கதைக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும் பொருள் நன்றாக நினைவில் நிற்கும். ஆனால், ‘இதை ஏன் இங்கே வைத்தார்கள்?’ என்ற சந்தேகத்தையும் கிளப்பிவிடும். கதையோடு இயல்பாய்ப் பொருந்திய பொருளோ சந்தேகத்தை எழுப்பாமல் மனதை மாற்றிவிடும்.

ஆகவே முதற் பாடம் இது. “எனக்கு அந்த விளம்பரம் ஞாபகமே இல்லை, ஆகையால் அது என்னை ஒன்றும் செய்யவில்லை” என்று நாம் சொல்வது சரியான வாதம் அல்ல. ஞாபகம் இல்லாததே அதன் பலமாக இருக்கலாம். சந்தேகம் எழுந்தால் அந்தப் பலம் குறைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு உதவும்.

4. பிள்ளைகள்

2004இல் இங்கிலாந்தில் பிள்ளைகள் 105 பேரைக் கொண்டு செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதியினருக்கு ‘ஹோம் அலோன்’ படத்தில் சாப்பாட்டு மேசையில் பெப்சி கொட்டிச் சிந்தும் காட்சியைக் காட்டினார்கள். மற்றப் பகுதியினருக்கு அதே படத்தில் பெயரில்லாத பால் வரும் காட்சியைக் காட்டினார்கள். பிறகு பெப்சியையும் கொக்கா கோலாவையும் முன்னால் வைத்து, விரும்பியதை எடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். பெப்சிக் காட்சியைக் கண்டவர்களில் 62 வீதமானோர் பெப்சியை எடுத்தார்கள். காணாதவர்களில் 42 வீதமானோரே எடுத்தார்கள். படத்தை முன்னரும் பார்த்திருந்த பிள்ளைகளிடம் இந்தச் சாய்வு கூடுதலாய்த் தெரிந்தது. ஒரே படத்தைப் பத்துத்தரம் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள் அல்லவா?

குடிபானத்தோடு இந்தக் காரியம் முடிந்தால் இத்தனை பக்கம் செலவிடத் தேவையில்லை. பெப்சியோ கோலாவோ, பிள்ளையின் பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். இதே வழியால் உயிரைக் குடிக்கும் பொருளும் வந்தது என்பதே கவலைக்குரியது.

5. சிகரட்டின் வழி

1989இல் வெளிவந்த ‘லைசென்ஸ் ரு கில்’ என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்தில் தன் ‘லார்க்’ சிகரட் இடம் பெறுவதற்கு ‘பிலிப் மொரிஸ்’ கொம்பனி 350,000 டொலர் கொடுத்தது. படத்தின் முடிவில், பெயர்கள் ஓடும் வேளையில், புகைத்தலைப் பற்றிய சுகாதார எச்சரிக்கை ஒன்றும் காட்டப்பட்டது. அந்த நேரத்தில் எத்தனை பேர் இருக்கையில் இருந்திருப்பார்கள் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். 1998இல் அமெரிக்க மாநிலங்கள் 46உடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பெரிய சிகரட் கொம்பனிகள் படங்களில் இடம் பெறப் பணம் கொடுப்பது நிறுத்தப்பட்டது.

2003இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை ஒவ்வொரு தாய் தந்தையும் அறிந்திருக்க வேண்டும். 10 முதல் 14 வயது வரையான, ஒருபோதும் புகைத்திராத 2,603 பிள்ளைகளை அமெரிக்காவில் ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். படங்களில் புகைக்கும் காட்சிகளை மிகக் குறைவாகக் கண்ட பிள்ளைகளில் 3 வீதமானோர் புகைத்துப் பார்த்திருந்தார்கள். மிக அதிகமாகக் கண்டவர்களில் 17 வீதமானோர்! நண்பர்கள், குடும்பம், பிள்ளையின் குணம் ஆகிய வேறு காரணங்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரும் வித்தியாசம் ஏறக்குறைய 2.7 மடங்காக நின்றது. இத்தகைய பல ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்த அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012ஆம் ஆண்டு அறிக்கை, படங்களில் வரும் புகைத்தலே இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கு ஒரு காரணம் என்று முடிவு கூறியது.

இந்த 2003ஆம் ஆண்டு ஆய்வில் இன்னுமொன்று தெரியவந்தது. பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடமே படத்தின் செல்வாக்குக் கூடுதலாகக் காணப்பட்டது. “எங்கள் வீட்டில் ஒருவரும் சிகரட்டைத் தொட்டதில்லை, எங்களுக்குப் பயமில்லை” என்று நிம்மதியாக இருக்கும் நல்ல குடும்பங்களுக்கே இது சொல்லப்படுகிறது. வீட்டில் புகையின் இருமலையும் நாற்றத்தையும் அறியாத பிள்ளைக்கு, திரையில் தெரியும் அழகு மட்டுமே தெரியும்.

6. சட்டம் போட்ட வேலி

நாடுகள் சும்மா இருக்கவில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சியில் 2011 பெப்ரவரி 28 முதல் கதைக்குள் பொருள் புகுத்த அனுமதி உண்டு. ஆனால் நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் அதற்கென ஓர் அடையாளத்தைக் காட்ட வேண்டும். பிள்ளைகளின் நிகழ்ச்சிகளில் அனுமதி இல்லை. சிகரட், மதுபானம் ஆகியவற்றுக்கும் இல்லை. இந்தியாவில் 2012 ஒக்டோபர் 2 முதல், புகைக்கும் காட்சியுள்ள படங்களில் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப் படங்களில் நாம் காணும் எச்சரிக்கை வரி இதனால் வந்ததே. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுசாரத்துக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தது.

விளம்பரத்தையே தீமை என்று திருச்சபை சொல்லவில்லை. சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997இல் வெளியிட்ட ஏடு மூன்று அளவுகோல்களை வைத்தது: உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு. தான் விளம்பரம் என்பதையே மறைக்கும் விளம்பரம் முதல் அளவுகோலிலேயே தடுக்கி விழுகிறது.

வேலிக்கும் ஓட்டை உண்டு. இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கும் காணொளிகளில், விளையாட்டுப் பொருளை ஒரு பிள்ளை பெட்டி திறந்து காட்டி மகிழ்வதே முழு நிகழ்ச்சியாக இருக்கிறது. அங்கே கதை எது, கடை எது என்று பெரியவர்களுக்கே பிரித்தறிவது கடினம்.

7. வீட்டில் செய்யக்கூடியவை

சந்தேகம் எழுந்தால் பலம் குறைகிறது என்று கண்டோம். மருந்து அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகளோடு கூட இருந்து பாருங்கள். ஒரு பெயர் திரையில் தெரிந்தவுடன், “இது ஏன் அங்கே நிற்கிறது?” என்று கேளுங்கள். திட்டாமல், விளையாட்டாகக் கேளுங்கள். நாலு நாளில் பிள்ளைகளே முந்திக்கொண்டு கண்டுபிடிப்பார்கள்.

கதாநாயகன் புகைக்கும்போது, “இவர் புகைக்காமல் நின்றிருந்தால் கதையில் என்ன குறைந்திருக்கும்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

கடைக்குப் போகுமுன் தேவையானவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எழுதாத ஒன்றை வாங்கக் கை நீளும்போது, “இதை எங்கே கண்டேன்?” என்று ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. கடைசியாகப் பார்த்த படத்தில் கண்ட பொருள்களின் பெயர்கள் எத்தனையைப் பிள்ளைகள் சொல்கிறார்கள்? நீங்கள் எத்தனையைச் சொல்கிறீர்கள்?
2. நம் வீட்டில் வழக்கமாக வாங்கும் பொருள்களில், காரணம் சொல்ல முடியாமல் வாங்குபவை எவை?
3. படத்தில் பொருள் வைக்கப் பணம் வாங்கியவர், பார்ப்பவருக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டவரா? ஏன்?

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாக இருந்து இவற்றைப் பேசிப்பாருங்கள். முதலாம் கேள்வியில் பிள்ளைகளே பெரியவர்களை வென்றுவிடக்கூடும்.