'டோல்' என்னும் ஆங்கிலச் சொல்

மொழிபெயர்ப்புப் பாடத்திலே ஒருநாள், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை பற்றிய ஆங்கிலச் செய்தியொன்றை மாணாக்கருக்குக் கொடுத்திருந்தோம். 'மாண்டோர் தொகை உயர்ந்தது' என வரவேண்டிய இடத்தில், 'சாவுமணி ஓங்கி ஒலித்தது' என ஒரு மாணாக்கன் எழுதியிருந்தான். வகுப்பு நகைத்தது, நாம் நகைத்திலோம். கற்றோரும் இடறும் இடம் அது. ஆதலின் அச்சொல்லை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

'டோல்' என்பது உருவால் ஒன்று, பிறப்பால் இரண்டு.

முதலாவது, மணியொலியைக் குறிப்பது. பெரிய மணியைச் சீரான இடைவெளி விட்டு, ஒவ்வோர் அடியாக, மெல்ல ஒலித்தல் என்பது அதன் பொருள். மணிக்கயிற்றை இழுப்பது காரணமாக, இழுத்தற் பொருளுடைய பழஞ்சொல்லொன்றிலிருந்து இது தோன்றிற்று என்பர். தேவாலயத்திலே இறப்பை அறிவிக்கும் மணிக்கு இச்சொல் சிறப்பாக உரியது. மணவிழாவில் முழங்கும் மணிகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குப் 'பீல்' என்னும் சொல் உண்டு. தமிழிலோ கோயில் மணி, பள்ளி மணி, சாவுமணி எல்லாவற்றுக்கும் 'அடித்தல்' என்பதே பெருவழக்கு. எனினும், செத்தவீட்டிலே சேமக்கலத்தின் ஓசையைக் கேட்டோர்க்கு இச்சொல்லின் உணர்ச்சி எளிதிற் புலனாகும்.

இரண்டாவது, வழியிலும் பாலத்திலும் துறையிலும் வாங்கும் வரியைக் குறிப்பது. இதன் மூலம் வரியைச் சுட்டும் கிரேக்கச் சொல் என்பர். நம் மொழியில் இதற்கு நேரானவை உல்கு, சுங்கம் என்பன. 'உல்கு' திருக்குறளிலே பயில்கின்றது. முதலாங் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றமையும் அறிக.

இனி, மாண்டோர் தொகையைச் சுட்டும் ஆங்கிலத் தொடர் இவ்விரண்டனுள் எதன் வழி வந்தது? மணியின் வழி என்றே பலரும் எண்ணுவர். அன்று, அது சுங்கத்தின் வழி வந்தது. சுங்கங் கொடாது துறையைக் கடத்தல் இயலாது. அதுபோல, போரும் வெள்ளமும் கொள்ளைநோயும் மக்கள் உயிரையே தமக்குரிய இறையாகக் கொண்டு செல்கின்றன என்பது உட்கருத்து. ஆதலின் 'பலியானோர் தொகை' என்பது நல்ல மொழிபெயர்ப்பாகும். 'பலி' என்பதிலும் கொடுக்கப்படுவது என்னும் கருத்து உண்டன்றோ?

அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் திகதி இலங்கையில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மாணாக்கனின் மொழிபெயர்ப்பிலே மணி ஒலித்தது. மாண்டோரின் தொகையோ மறைந்தது. ஆகவே, இளைஞர் ஒரு சொல்லை மொழிபெயர்க்குமுன் அகராதியிலே அதன் பிறப்பையும் ஒருமுறை நோக்குவாராக.