சுரூபத்தை எப்போது மந்திரிப்பது?

வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போய் வந்த டெல்லித் தமிழர் வீடுகளில், பொட்டலம்கூடப் பிரிக்காத சுரூபங்களைப் பார்க்கிறேன். சில வீடுகளில் அவை மந்திரிக்காமலே கழுத்தில் ஏறிவிடுகின்றன.

எந்தச் சுரூபம் என்பது உங்கள் பக்தியைப் பொறுத்தது. எனக்கு அற்புத சுரூபம். 1830-இல் பாரிஸில் கத்தரீன் லபூரேவுக்கு மாதா காட்டிய வடிவம் அது. அன்னை தெரசா தம்மைச் சந்தித்தவர்களுக்கெல்லாம் கொடுத்ததும் அதையே. அலுமினியத்தில் வாங்காதீர்கள். ஜூன் மாத வேர்வையில் கறுத்துவிடும், ஸ்டீல் நல்லது.

இனிமேல்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் வாங்க வேண்டும், பிறகு மந்திரிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. மந்திரித்த சுரூபத்தைப் பக்தியோடு பயன்படுத்துவோருக்குத் திருச்சபை தரும் ஞானப்பலன், அந்தப் பொருள் அழிந்தாலோ விற்கப்பட்டாலோ நின்றுபோகும். ஆகவே "மந்திரிச்சதுங்க" என்று கடைக்காரர் சொன்னால் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள். ஊருக்குப் போகும் அத்தையிடம், பிறகு காசு தருவதாகச் சொல்லி அனுப்பினால், "மந்திரிக்காம வாங்கிட்டு வாங்க அத்தை, இங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அன்பளிப்பாக வருவதில் இந்தச் சிக்கல் இல்லை.

கோல் டாக் கானா திரு இருதயப் பேராலயமோ உங்கள் பங்குக் கோவிலோ, பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் "ஃபாதர், இஸ்கோ ஆசீஷ் தீஜியே" போதும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். அவர் செபம் சொல்லிச் சிலுவை அடையாளம் வரைந்து, தீர்த்தம் தெளிப்பார். ஒரு நிமிட வேலை. தியாக்கோனும் மந்திரிக்கலாம். வீட்டில் நீங்களே தீர்த்தம் தெளித்துக்கொள்வது மந்திரித்தல் ஆகாது. ஆயர் மந்திரித்த சுரூபத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு: ஜூன் 29, பேதுரு பவுல் திருநாளில் அதை வைத்து விசுவாசப் பிரமாணம் சொல்லி, பாவசங்கீர்த்தனம், நன்மை முதலிய வழக்கமான நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் பரிபூரணப் பலன் உண்டு.

கழுத்தில் அணியும் துணி உத்தரியத்துக்குப் பதிலாகவும் சுரூபம் அணிய 1910-இல் பத்தாம் பத்திநாதர் அனுமதி தந்தார். அந்தச் சுரூபத்தில் ஒரு பக்கம் திரு இருதயமும் மறுபக்கம் மாதாவும் இருக்க வேண்டும். ஆனால் முதல் தடவை துணி உத்தரியத்தைத்தான் குருவின் கையால் பெற வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

அணிவது சுலபம். சங்கிலியோ கயிறோ, நெஞ்சில் படும்படி இருக்கட்டும். காலையில் தொட்டு முத்தமிட்டு ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். செபமில்லாமல் போட்டுக்கொண்டால் அது தாயத்துதான், திருச்சபை அதற்காகத் தரவில்லை.

தேய்ந்தோ உடைந்தோ போனால் குப்பையில் போடாதீர்கள், யமுனைப் பாலத்திலிருந்து வீசவும் வேண்டாம். மண்ணில் புதைப்பதே மரபு. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பால்கனிப் பூந்தொட்டி போதும்.