ஒன்பதாம் விதியை அடித்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கல்லூரிப் பொருளாதார மன்றம் நடத்தவிருக்கும் மாதிரிப் பணக் கொள்கைக் குழுவுக்கு நீ எழுதிய நடைமுறை விதிகளை உன் அப்பா அனுப்பியிருந்தார். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறியதும் படிக்க ஆரம்பித்தேன். மண்ணடி வருவதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. ரெப்போ என்றால் என்ன, பணவீக்க இலக்கு ஏன் 4 சதவீதம், மேலே 6, கீழே 2 என்ற வரம்பு எதற்கு என்பதெல்லாம் உனக்கே தெரியும். அதையெல்லாம் விளக்க எனக்குப் பொறுமையும் இல்லை. என் சண்டை உன் ஒன்பதாம் விதியோடு.

“குழு ஒருமித்த முடிவை எட்ட முயல வேண்டும். எட்டினால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் கூடுதலாக ஐந்து மதிப்பெண். மாற்றுக் கருத்துகளைக் குறிப்பில் சேர்ப்பது தலைவரின் விருப்பம்.”

மாதிரி ஐ.நா. போட்டிகளில் பழகிய பழக்கம் இது. அங்கே ஆளுக்கொரு நாட்டின் பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு பேரம் பேசுவீர்கள், வாசகத்தை வெட்டி ஒட்டுவீர்கள், கடைசியில் கைதட்டிக் கலைவீர்கள். அங்கே அது சரி. பணக் கொள்கைக் குழுவில் உட்காரும் ஆறு பேர் யாருக்கும் பிரதிநிதிகள் இல்லை. ரிசர்வ் வங்கிக் கவர்னர், துணை கவர்னர் ஒருவர், அதே வங்கியின் அதிகாரி ஒருவர், மத்திய அரசு நியமிக்கும் வெளி ஆட்கள் மூவர். 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் சேர்த்த 45இசட்ஐ முதலான பிரிவுகளைத் திறந்து பார். ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. ஆதரித்தாலும் எதிர்த்தாலும் ஏன் என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள், என்ன எழுதினார்கள் என்பது கூட்டம் முடிந்து பதினான்காம் நாள் வெளியாக வேண்டும். இதில் தலைவரின் விருப்பத்துக்கு எங்கே இடம்?

குழுவின் முதல் கூட்டம் 2016 அக்டோபர் 3, 4 தேதிகளில் நடந்தது. வட்டி 6.50-லிருந்து 6.25 ஆனது. ஆறு பேரும் ஒரே பக்கம். ஆனாலும் அக்டோபர் 18 அன்று ஆறு பேரின் அறிக்கையும் தனித்தனியாக வந்தது. ஒருமித்து முடிவெடுத்தாலும் காரணம் எழுதுவதிலிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது. நீயோ ஒருமித்ததற்குப் பரிசு கொடுக்கிறாய்.

‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எங்கே பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். அது எண்பதுகளின் தொடக்கத்தில் தொற்றிய வியாதி. வங்கி வேலை கிடைப்பதற்கு முன் திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றின் சிக்கன நாணயச் சங்கத்தில் சாயங்காலக் கணக்கெழுத்து வேலை பார்த்தேன். அங்கே செயலாளர் கூட்டத்துக்கு முன்பே மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானத்தை எழுதி வைத்துவிடுவார், ‘ஏகமனதாக’வையும் சேர்த்து. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

ஒரு மாதம், உறுப்பினர் கடனுக்கு வட்டியை ஒரு சதவீதம் குறைக்கும் தீர்மானம் வந்தது. இயக்குநர்களில் ஒருவரான ஃபிட்டர் அண்ணன் எதிர்த்தார். வட்டி குறைந்தால் புதுப் பையன்கள் கணக்கில்லாமல் வாங்குவார்கள், ஆலை மூடினால் சம்பளமும் இல்லை, பிடித்தமும் இல்லை, யாரிடம் போய் வசூலிப்பீர்கள் என்றார். ஐந்துக்கு ஒன்று என்று தோற்றார். அதில் அவருக்கு வருத்தமில்லை. புத்தகத்தில் ‘ஏகமனதாக’ என்று பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். தன் எதிர்ப்பையும் காரணத்தையும் எழுதும்வரை கையெழுத்துப் போட மறுத்தார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டைப் பூட்டும் நேரம். செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வரி சேர்த்தார்.

அண்ணன் பயந்தது நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடன் ஒழுங்காகத் திரும்பியது. ஆனால் பிறகு கடன் உச்சவரம்பை ஏற்றும் பேச்சு வந்தபோது குழு அந்த மூன்று வரியைத்தான் எடுத்துப் படித்தது. சம்பளமில்லாத மாதங்களுக்கு என்ன வழி என்று யோசித்து ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். தோற்ற ஓட்டு, அதுவும் தப்பான ஓட்டு, அதுகூடக் காரணத்தோடு பதிவானதால் பயன்பட்டது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் பிறந்த காலத்திலிருந்து கமிட்டி, தீர்மானம், கோரம் எல்லாம் பார்த்த பக்கம் இது. இந்தப் பக்கத்துப் பிள்ளை இப்படி ஒரு விதி எழுதலாமா?

இரண்டாவது எரிச்சல் பன்னிரண்டாம் விதி. முன்மொழிவு வந்ததும் ‘ஆம், இல்லை, வாக்களிக்கவில்லை’ என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறாய். வாக்களிக்காமல் நழுவுவதைப் பற்றிச் சட்டம் பேசவே இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிடு. அதைவிட மோசம் ஆம், இல்லை. 2019 ஆகஸ்டில் நடந்ததைப் பார். நான்கு பேர் 0.35 குறைக்கச் சொன்னார்கள். சேத்தன் காட்டே, பாமி துவா இருவரும் 0.25 போதும் என்றார்கள். 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், நான்கு பேர் 0.75, இதே இருவர் 0.50. குறைக்க வேண்டும் என்பதில் ஆறு பேருக்கும் சண்டையே இல்லை. எவ்வளவு என்பதில்தான் சண்டை. உன் சீட்டில் இந்த இருவரும் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்கள்? காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போயிருப்பாய். வஞ்சிரத்தைப் பார்த்து யாராவது ‘ஆம்’ என்று கத்துகிறார்களா? ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள்.

ஆகவே வெறும் சீட்டைக் கொடு. வட்டி எவ்வளவு என்று அவரவர் கைப்பட எழுதட்டும். இனி வட்டி எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்லும் கொள்கை நிலைப்பாட்டுக்குத் தனிச் சீட்டு. 2021 ஆகஸ்டில் வட்டியை மாற்ற வேண்டாம் என்பதில் ஆறு பேரும் ஒன்று; நிலைப்பாட்டில் மட்டும் ஜெயந்த் வர்மா பிரிந்து நின்றார். இரண்டையும் ஒரே சீட்டில் போட்டிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

0.10 வித்தியாசத்துக்கா இவ்வளவு என்று கேட்பாய். 2019 அக்டோபர் முதல் சிறுதொழில்களுக்கு வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டிக் கடன்களை வெளிக் குறியீடு ஒன்றோடு கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது குழு முடிவு செய்யும் ரெப்போ வட்டிதான். சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் 20 லட்சம் கடனில் லேத் ஓட்டுகிறவருக்கு 0.10 என்பது வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய். அவர் கேட்டால் சொல்வதற்குக் காரணம் வேண்டாமா?

மற்றவை சில்லறை. கோரம் மூன்றில் ஒரு பங்கு இல்லை, நான்கு பேர். அதில் கவர்னராவது, அவர் வராவிட்டால் துணை கவர்னராவது இருந்தாக வேண்டும். 2020 செப்டம்பர் கடைசியில் வெளி உறுப்பினர்களின் காலம் முடிந்து, புதியவர்கள் வராமல், மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். கூட்டம் அக்டோபர் 7-க்குத் தள்ளிப்போனது. வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதத்தை ஓட்டுக்கு விடாதே, அது குழுவின் வேலை இல்லை. 2025 ஜூனில் வட்டியை 0.50 குறைத்தது குழு, ஐந்துக்கு ஒன்று என்று. அதே நாளில் வந்த ரொக்க இருப்புக் குறைப்பு ரிசர்வ் வங்கி தானே எடுத்த முடிவு. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் ஏழு நாள் மௌனம் உண்டு. உன் உறுப்பினர்கள் முந்தின வாரம் இன்ஸ்டாகிராமில் பேட்டி கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். நிறுத்து.

இனி பதினான்காம் விதி. “எடுத்துக்கொண்ட கூட்டத்தின் தேதிக்குப் பின் வெளியான எந்தப் புள்ளிவிவரத்தையும் எவரும் எடுத்துப் பேசக்கூடாது.” தம்பி, இதை எழுதிய கைக்கு மோதிரம் போடலாம். நீ எடுத்துக்கொண்டது 2022 மே 4, அட்டவணையில் இல்லாத கூட்டம். அன்று குழுவின் கையில் இருந்தது மார்ச் மாதப் பணவீக்கம், 6.95. ஏப்ரலின் 7.79 வெளியானது மே 12-இல். அந்த எட்டு நாள் இருட்டில் உட்கார்ந்து வட்டியை 4.00-லிருந்து 4.40 ஆக்கினார்கள். உன் விதி மாணவர்களையும் அதே இருட்டில் உட்கார வைக்கிறது. நாற்பது வருஷம் வங்கி வாசலில் நின்ற என்னைப் போன்றவர்களுக்கும் தோன்றாத விதி இது. மற்ற எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாலும் இதற்காக உன்னை மன்னிக்கலாம்.

நான் வேலை பார்த்தது ராஜாஜி சாலையில். ரிசர்வ் வங்கிக் கட்டடம் அதே சாலையில்தான். அந்தக் காலத்தில் ஏப்ரலில் ஒரு கடன் கொள்கை, அக்டோபரில் ஒன்று. விவசாயப் பருவத்தை ஒட்டி மந்த காலம், சுறுசுறுப்புக் காலம் என்று இரண்டு. சுற்றறிக்கை வரும், ஒரே ஒரு கையெழுத்தோடு. 2005-இல் ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தார்கள்; ஆலோசனை அவர்களுடையது, முடிவு கவர்னருடையது. கவர்னர் மனசில் என்ன ஓடியது என்பதை மேனேஜர்கள் மதியச் சாப்பாட்டில் ஊகித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது பதினான்காம் நாள் ஆறு பேரின் காரணமும் வீட்டுக்கே வருகிறது. ஓய்வு பெற்றவன் நான், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

கடைசியாகக் கவர்னர் நாற்காலி. அதில் உட்காருகிறவருக்கும் ஒரே ஓட்டுதான். சரிசமமாகப் பிரிந்தால் மட்டும் இரண்டாவது ஓட்டு. நீ கொடுத்திருக்கும் ‘முன்மொழிவைத் திரும்ப அனுப்பும் அதிகாரம்’ எந்தச் சட்டத்திலும் இல்லை. பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் 2005 ஆகஸ்டில் கவர்னர் மெர்வின் கிங்கே 5-4 என்று தோற்றார். அவர் வேண்டாம் என்றும் வட்டி குறைந்தது. உன் கூட்டத்திலும் அப்படி நடக்க வழி இருக்க வேண்டும். கவர்னர் வேடம் உனக்குத்தான் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். விதியை எழுதியவனே அந்த நாற்காலியில் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளி உறுப்பினராகப் போ. திருத்திய விதிகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
மாமா